அம்மா பெயருக்கு எதிரே இருந்த கட்டம்

மூன்றாம் டிவிஷன் லயம்,
மந்தின் பக்கம், நெகிரி செம்பிலான்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோகினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் கோழிகள் ஆறும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே திரெங்கானுவில் நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்கு யார் காரணம் என்பதும் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். போனில் சொல்லப் பார்த்தேன் பாப்பா, மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் பாதியில் வைக்க முடியாது. எப்படியும் உனக்குச் சில காகிதங்கள் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதோடு இதுவும் வரட்டும்.

வருகிற வாரம் தீபாவளி. லயத்தில் மிச்சமிருக்கிற ஏழு வீட்டில் ஆறு வீட்டுக்காரர்கள் கலர் விளக்கு மாட்டிவிட்டார்கள், நமக்கு இந்த வருஷம் இல்லை என்பதால் வாசல் பல்பைக்கூட நான் சீக்கிரமே அணைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு சன்னாசி அண்ணன் ஒரு டின் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார், நீ வரும்போது எடுத்துக்கொள் என்று அதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சமையல் நானேதான். உன் அம்மா இருந்தவரை அடுப்படிப் பக்கம் போனால் வெளியே போங்க என்று விரட்டுவாள், இப்போது விரட்ட ஆள் இல்லை, புளி எவ்வளவு கரைப்பது என்று சொல்லவும் ஆள் இல்லை. நேற்று நான் வைத்த ரசத்தை சன்னாசி அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, திரு, இதுல துணி தொவைக்கலாம்லா என்றார். சிரித்தேன். சிரித்துவிட்டு, இதை நீலாவதியிடம் சொல்ல வேண்டும் என்று உள்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். தோட்டத்தில் செம்பனைக் குலை இப்போது நன்றாக இறங்குகிறது, டிராக்டர் ஓட்டி இடுப்பு போய்விடுகிறது, அது நல்லதுதான், படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. கடை மாடியில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம்ப்பா, ஜன்னல் மூட மாட்டேங்குது, வகுப்புக்குப் போற பஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இல்ல, நடந்துதான் வரணும், மழை ஆரம்பிச்சா அந்த ரோட்டுல தண்ணி நிக்குமாம் என்றாய். பிறகு, மாசக் கடைசிக்குள்ள ஹாஸ்டல்ல இடம் கிடைக்கலன்னா படிப்ப விட்டுட்டு வந்துடுறேன்ப்பா, சுங்கை காடுட்டுல அம்மா வேலை செஞ்ச ஃபேக்டரியிலயே சேர்ந்துக்கிறேன் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் முதலில் எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை வந்துவிடும், வீட்டில் ஒரு குரல் கேட்கும் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகுதான் சீ என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. இருபது வருஷம் விடியற்காலையில் அந்த ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி, கழிவறை கழுவி உன்னைப் படிக்க வைத்தவள், நீ அதே பஸ்ஸில் ஏறுவதற்காகவா கழுவினாள்?

அந்த ஹாஸ்டல் விண்ணப்பத்தை நான்தான் போட்டேன் என்பது உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சமயத்தில் நான் போகல, உங்களுக்கு யார் சோறாக்கிப் போடுவா என்று பிடிவாதம் பிடித்தாய். நான் விடவில்லை. ஹாஸ்டலுக்கு எழுதிப் போட இன்றுதான் கடைசி நாள் என்று நான் கத்தினேன், அப்படின்னா நீங்களே போட்டுக்குங்க என்று நீயும் கத்தினாய், உன் காகிதங்களை வாரிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போனேன். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறாளே ருமைசா, நல்ல பெண், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள்தான் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பாள். உன் பெயர், மார்க், என் வேலை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்தது அம்மா. நான் சட்டைப் பையிலிருந்து உன் அம்மாவின் அடையாள அட்டையை, அதான் ஐ.சி.யை, எடுத்து மேஜைமேல் வைத்தேன். பெயர், நம்பர் தட்டினாள். அதற்கு எதிரே இரண்டு கட்டம் இருந்தது பாப்பா. உயிரோடு இருக்கிறார் என்று ஒன்று, இறந்துவிட்டார் என்று ஒன்று. அக்கா இருக்காங்கதானே அண்ணே என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள். வேலைக்குப் போயிருக்கு என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. தெரிந்துதான் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தவும் இல்லை, அவள் கேட்காமலேயே, காலையில் அஞ்சே முக்காலுக்கு முச்சந்தியில் பஸ் ஏறும், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்திறங்கும், வரும்போது பிள்ளைக்குக் கச்சான் பூத்தே கடலை வாங்கிட்டு வரும் என்று பேசிக்கொண்டே போனேன். அவ்வளவு நாளில் அந்த ஒரு கால் மணி நேரம்தான் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அவள் உண்மையாகவே வேலைக்குப் போயிருப்பது போலவும், நான் சீக்கிரம் வீட்டுக்குப் போய் வெந்நீர் போட வேண்டும் போலவும் இருந்தது. அந்த சுகத்துக்கு நீ கொடுத்த விலை அந்தக் கடை மாடி. தாயில்லாத பிள்ளைகளுக்குத்தான் முதலில் அறை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று நீ கேட்டால், அதுவும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் செய்ததுதான் அதைவிடக் கேவலம். ஹாஸ்டல் அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினாங்கப்பா, அம்மா உயிரோட இருக்காங்கன்னு போட்டிருக்கு, யார் தப்பு இது என்று நீ கேட்டபோது, அந்தக் கடைக்காரப் பெண்தான் மாற்றி அமுக்கியிருப்பாள் என்று சொன்னேன். நீ அதை நம்பினாய். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தாய். கோபத்தில் ருமைசாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய், எங்கம்மா செத்து மூணு மாசம் ஆவுது, ஒங்களுக்குக் கண்ணு தெரியாதா, ஒங்களால நான் நடுரோட்டுல நிக்கிறேன் என்று. செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலுக்கான மேல்முறையீட்டு விண்ணப்பப் பாரத்தை அச்செடுக்க அவள் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளுக்கு நீ அனுப்பியதும், அதற்கு அவள் பதில் எழுதியதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். சாரி தங்கச்சி, என் தப்புதான் என்று எழுதியிருக்கிறாள். ஏம்மா அப்படி எழுதின என்றேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கிட்ட ஒங்கப்பா பொய் சொன்னாருன்னு நான் எப்படிண்ணே சொல்றது, அதுக்கு இப்ப நீங்க ஒருத்தருதானே இருக்கீங்க என்றாள். அந்தக் கடையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்க, நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் கதவுப் பக்கம் போய் நின்று வெளியாட்களைக் கொஞ்சம் பொறுங்க என்று நிறுத்தி வைத்தாள்.

மேல்முறையீட்டோடு இறப்புப் பத்திரம் வைத்தால்தான் செல்லும் என்று பாரத்தில் போட்டிருந்தது. இப்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னிடம் இறப்புப் பத்திரம் இல்லை. அன்று விடியற்காலை சோறு கட்டி முடித்து, செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிராமல் போனாளே, நீயும் நானும்தான் தூக்கினோம். போலிஸ்காரர் வந்து பார்த்து அடக்கம் செய்யக் கடிதம் கொடுத்தபோது, இதையும் ஐ.சி.யையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் பதிவிலாகாவுக்குப் போகச் சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உன் மாமா யோகேந்திரன், பத்திரம் எடுத்தாச்சா மாமா, அக்கா ஐ.சி.யை ஆபீஸ்ல திருப்பித் தர மாட்டாங்க, அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க என்றான். எடுத்தாச்சு என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். அந்தத் திருப்பித் தர மாட்டார்கள் என்ற வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். ஐ.சி.யில் இருக்கிற படம் ஒன்றும் அழகான படமில்லை. சிரம்பானில் வரிசையில் நின்றபோது பசிக்குது பசிக்குது என்று நான் அவளை நச்சரித்தேன், அந்தக் கோபத்தோடு போய் உட்கார்ந்து எடுத்த படம், முறைத்துக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் அது என்னை முறைத்தது பாப்பா. வேறு எந்தப் படத்திலும் அவள் என்னைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்க்கிறாள். அதனால் மூன்று மாதமாக அவள் என் சட்டைப் பையில் இருந்தாள், அரசாங்கக் கணக்கிலும் உயிரோடுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பதிவிலாகாவுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. ஏன் இவ்வளவு தாமதம் பாச்சிக், காரணம் எழுத வேண்டும் என்று மாமா முறை வைத்தே கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், வேலை அதிகம் என்று சொல்லலாம், எத்தனையோ பொய் சொன்னவன்தானே நான். ஆனால் அங்கே வரவில்லை. தா சம்பாய் ஹாத்தி என்றேன். மனசு வரவில்லை என்பதை அவர்கள் பாஷையில் அப்படித்தானே சொல்வோம். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு காரணம் என்ற இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதினார். ஐ.சி.யைத் தட்டில் போடுவதற்கு முன் என் பக்கம் தள்ளி, பார்த்துக்குங்க பாச்சிக் என்றார். பார்த்தேன். முறைத்தாள். எவ்வளவு நேரம் பார்ப்பது, பின்னால் வரிசை நிற்கிறது, நானே எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போது சட்டைப் பையில் கை வைத்தேன், ஒன்றும் இல்லை. அன்றுதான் உன் அம்மா செத்தாள் எனக்கு.

சரி, காகித விஷயம். உறைக்குள் இறப்புப் பத்திரத்தின் நகல் இரண்டு இருக்கிறது, நீ படித்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அசல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் நானே பஸ் ஏறிக் கொண்டுவருகிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேல்முறையீட்டுப் பாரமும் இருக்கிறது, ருமைசா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பேனாவால் நிரப்பினேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதல் தடவை தப்பாகப் போட்டது நான்தான், கடைக்காரரோ மகளோ இல்லை என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொடு. முப்பதாம் தேதிக்குள் நீயே நேரில் போய்க் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கு. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போ. அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படிப்பை விட்டு வராதே, கிடைக்காவிட்டால் வேறு நல்ல வீடு பார்ப்போம், நான் வந்து பார்க்கிறேன். நீ அந்த ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினால் உன் அம்மா என்னை முறைத்தது போதாது என்று உன்னையும் முறைப்பாள்.

ருமைசாவுக்கு நீ போன் பண்ண வேண்டும், மெசேஜ் இல்லை, போன். அக்கா என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேள். நான் கேட்டுவிட்டேன், ஆனால் வார்த்தையை விட்டது நீ. என்னிடம் கோபம் இருந்தால் இருக்கட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் சாப்பாட்டில் காட்டாதே. சாயங்காலம் தனியாக நடக்காதே, கூட இருக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து வா. உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டிய கை இரண்டு ஜோடி, இப்போது ஒரு ஜோடிதான், அதனால் நானே இரண்டு தடவை வைத்ததாக நினைத்துக்கொள். நீ நன்றாக இருப்பாய், நன்றாகப் படிப்பாய்.

பாரத்தைப் பிரித்ததும் இரண்டாம் பக்கத்தைத் தேடாதே. அம்மா பெயருக்கு எதிரே அந்த இரண்டு கட்டமும் இதிலும் இருந்தன. இத நான் வேணா போடட்டுமாண்ணே என்று ருமைசா பேனாவுக்குக் கை நீட்டினாள், வேண்டாம் என்றேன். காலியாக விட்டால் நீ போட வேண்டி வரும். உன் கையால் அதைப் போடும்படி ஆகக் கூடாது பாப்பா. நானே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
திருச்செல்வம்