ஒரே தலைக்கு இரண்டு வட்டம்

ஈரக் கையோடு போனை எடுத்து, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசும் என் தங்கை மரகதத்துக்கு,

உன் மெஸ் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரகடம் சாலையில் காலை ஷிஃப்ட் பஸ்கள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. பையன்கள் இறங்கி, மூடிய ஷட்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத் தள்ளுவண்டிக்குப் போகிறார்கள். அங்கே சாம்பார் சரியில்லை என்று ஒருவன் என்னிடம் புகார் சொன்னான். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, மரகதம். நீ போன நாளிலிருந்து எல்லாவற்றையும் செய்தி சேகரிக்கப் போனவன் மாதிரியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மனசில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அதனால் செய்தியாகவே எழுதுகிறேன். உனக்குச் சொல்லப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. எனக்கே நீ போன அன்றுதான் தெரிந்தது.

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் மகன் பிரபு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். கான்ட்ராக்ட் முடிந்த அன்று கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அடுத்த கம்பெனியிலும் அதே கதை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் ஓட்டத் தேர்வில் ஓடினான். எடுத்துக்கொண்டார்கள்.

"கம்பெனி லைன்ல நின்னா எப்போ வெளிய அனுப்புவான்னு பயம். அங்க போனா எப்போ வூட்டுக்கு அனுப்புவான்னு பயம். இன்னா பொழப்புண்ணா இது?" என்று கேட்டாய்.

அவனை வடக்கே பயிற்சிக்கு ரயிலேற்றிய பிறகுதான் உனக்கு அந்த வாட்ஸ்அப் குரூப் கிடைத்தது. ‘ஜவான் பெற்றோர்’. ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், வாலாஜாபாத் என்று இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையை அனுப்பிய அம்மாக்களும், பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் சில அப்பாக்களும். எழுத வராதவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். கொசுவலை எடுத்துப் போகலாமா, பூட்ஸ் கடித்த காலுக்கு என்ன தடவுவது, அழுதுகொண்டே பேசுகிறானே திரும்பி வந்துவிடுவானோ என்று நாளெல்லாம் ஓடும்.

பயிற்சி மையத்தில் பையன்களின் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் தருவார்கள். அதனால் குரூப்பில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு முதலில் போன் வருகிறதோ, அவர் தன் பிள்ளையை விசாரிப்பதற்கு முன் போன் வராதவர்களின் பிள்ளைகளை விசாரிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் நான் கூப்பிட்டபோது, "போன வையிண்ணா, புள்ள வந்துடப் போறான்" என்றாய். அவன் வாசலில் நிற்பதுபோல.

பிறகு பிரபுவிடமிருந்து போன் வருவது நின்றது. மற்ற அம்மாக்கள் முறைப்படி விசாரித்தார்கள். "நல்லாருக்கானாம் அக்கா. டூட்டியாம்." ஒவ்வொரு வாரமும் அதே பதில்.

"எல்லாரும் பாடம் ஒப்பிக்கிறாளுங்கண்ணா" என்றாய். "நாலு பேரு நாலு விதமா சொன்னாகூட நம்பலாம்."

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. மறைமலை நகர்க்காரர் ஒருவர், அதே மையத்தில் பயிற்சி முடித்த தன் மூத்த மகனின் அணிவகுப்புக்குப் போயிருந்தார். மைதானத்தின் மறுகோடியில் நின்ற புதுப் பையன்களைத் தூரத்திலிருந்து எடுத்து குரூப்பில் போட்டார். மொட்டைத் தலை, வெள்ளை பனியன், காக்கி டிரவுசர். எல்லாரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். தன் பிள்ளையைக் கண்டுபிடித்தவர் அந்தத் தலையைச் சுற்றி விரலால் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்ப அனுப்புவார். மற்றவர்கள் கைகூப்பும் படம் போடுவார்கள்.

இரண்டாம் வரிசையில் ஒரு தலைக்கு நீ வட்டம் போட்டாய். அதே தலைக்குப் பேச்சியம்மாளும் போட்டாள்.

பேச்சியம்மாள் தென்காசிப் பக்கம். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறாள். அவள் மகன் சுடலையும் பிரபுவும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அந்தக் குரல் செய்திகளை உன் போனில் பிறகு கேட்டேன்.

"யக்கா, அது எம்புள்ள."

"இன்னாம்மா உன் புள்ள? காதைப் பாரு. எங்க வூட்டுக்காரரு காது அது."

"காது எல்லாத்துக்குந்தான் இருக்கு. பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்?"

"நீ மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிப் போடு. பாக்குற மொட்டையெல்லாம் உன் புள்ளன்னா திருப்பதில போயி நில்லு."

குரூப்பே சிரித்தது. ஆனால் நீ சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தலை பிரபுவுடையது இல்லையென்றால், அந்த வரிசைகளில் பிரபு எங்கேயும் இல்லை. மற்ற எல்லா முகத்தையும் நீ பார்த்து முடித்திருந்தாய். படத்தை எனக்கு அனுப்பினாய். பெரிதாக்கினேன். வெறும் புள்ளிகள். தெரியவில்லை என்றேன்.

"முப்பது வருஷமா பேப்பர்ல போட்டோவுக்குக் கீழ பேரு போட்டுகினு இருந்தியே. சொந்த மருமானத் தெரியலயா?"

அந்த ஞாயிறு பேச்சியம்மாளுக்கு மகனிடமிருந்து போன் வந்தது. சாயங்காலம் அவள் குரூப்பில் பேசினாள். "யக்கா, நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். அது ஒங்க பிரபுதான். எம்புள்ளைக்கு அன்னைக்குச் சமையக்கட்டுல டூட்டியாம்."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்களுக்கெல்லாம் மசால் வடை சும்மா கொடுத்தாயாமே. பேச்சியம்மாளுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பி, கண்ணாடிக் கடைக்கு வழி சொல்லட்டுமா என்று கேட்டாயாம். அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டாய். "நிக்கிறாண்ணா. நல்லா நிக்கிறான்." நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த வாரமே அடுப்புக்கு முன்னால் விழுந்துவிட்டாய். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், கால்மாட்டில் பேச்சியம்மாள் கேன்டீன் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். "அண்ணாச்சி, பிரபுவுக்குத் தாக்கல் சொல்லியாச்சா?" என்றாள். பயிற்சி மையத்துக்குப் பேசினேன், அவன் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஏதோ ஆள் குழப்பம் போலிருக்கிறது என்றேன்.

"கொழப்பம் இல்ல அண்ணாச்சி. ஓடி ஓடிக் காலெலும்புல கீறல் விட்டுருக்கு. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கான். போன ஞாயித்துக்கெழம எம்புள்ள சொல்லிட்டான்."

"அப்போ அந்தப் படத்தில்?"

"அது எம்புள்ளதான்."

அவளே சொன்னாள். "சுகர் ஒடம்பு, கேட்டா அன்னைக்கே ரயிலேறிரும், எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு அந்தப் பய எல்லாப் பயலுககிட்டயும் சத்தியம் வாங்கிருக்கான். பேசுனா கொரல்லயே கண்டுபிடிச்சிரும்னுதான் போனும் போடல. நான் எம்புள்ளன்னே நின்னா, அப்ப எம்புள்ள எங்கடின்னு அக்கா கேப்பா. என்ன சொல்ல? அதான் குடுத்துட்டேன்."

பிறகு உன்னைக் குளிப்பாட்ட மற்றப் பெண்களோடு அவளும் சேர்ந்துகொண்டாள்.

ஆகவே செய்தி இதுதான், மரகதம். அது பிரபு இல்லை.

உடனே அனுப்ப டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. காரியத்துக்குத்தான் வந்தான், இரண்டு கக்கத்திலும் கட்டையோடு. எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டான். "கால் விஷயம் அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா மாமா? அதாலதானா?"

உன் போனைக் கொடுத்தேன். திறந்ததும் அந்தப் படம்தானே முகப்பில் இருக்கிறது, சிவப்பு வட்டத்தோடு.

"இது சுடலையாச்சே."

"உங்கம்மா நீன்னு நெனச்சிட்டா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "நல்லா நிப்பான் மாமா அவன்" என்றான். பிறகு டீ கேட்டான். போட்டுக் கொடுத்தேன். அவன் அழுதானா என்று எழுத வேண்டும்தான். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

நிஜம் தெரிந்திருந்தால் நீ ரயிலேறியிருப்பாய். ஏறியிருந்தால் அன்று அடுப்புக்கு முன்னால் இருந்திருக்க மாட்டாய். அங்கே இருந்தாலும் இதுவேதான் நடந்திருக்குமா? டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார் என்றார்.

பிரபு திரும்பிப் போய்விட்டான். கால் கூடிவிட்டது. பிந்தி வந்த பையன்களோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள், அவனுக்கு இன்னும் சில மாதப் பயிற்சி பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுகிறான். குரூப்பில் உன் இடத்தில் நான் இருக்கிறேன். முதலில் மற்றவர்களின் பிள்ளைகளை விசாரிக்கிறேன். அவன் ஒவ்வொருவராகச் சொல்கிறான். டூட்டி என்று சொன்னால் என்ன டூட்டி என்று கேட்கிறேன்.

பேச்சியம்மாளிடம், இனி உன் வட்டத்தைப் போட்டுக்கொள்ளம்மா என்றேன். பயிற்சிக்குப் போன பிறகு மகனை அவள் பார்த்த ஒரே படம் அது. "இருக்கட்டும் அண்ணாச்சி. அக்கா பாத்தது அக்காவுக்கே இருக்கட்டும்" என்றுவிட்டாள்.

அடுத்த மாதம் சுடலையின் அணிவகுப்பு. அவள் கணவருக்குச் செக்யூரிட்டி வேலை. லீவு கேட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். இந்தி தெரியாமல் தனியாக எப்படிப் போவது என்று அவளும் போகாமல் இருந்துவிடப் பார்த்தாள். மூன்று பேர் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்: அவள், நான், ஊரிலிருந்து வரும் அவள் தம்பி. ரயிலில் இடம் பிடித்தாகிவிட்டது.

பெற்றோர் உட்காரும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். வரிசை எங்களைக் கடந்து போகும்போது, உன் பிள்ளை என்று நீ பார்த்துக்கொண்டே போன அந்தப் பையனுக்கு உன் பங்கையும் சேர்த்துக் கை தட்டுவேன். இது வாக்கு.

உன் அண்ணன்,
இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்மாமன்