வராத யானையும் வந்த ட்ரெட்மில்லும்

18 ஜனவரி 2025, சனி

இன்று காலையும் யானை வந்தது. நான்தான் வரவழைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு அலாரம். போர்வைக்குள்ளேயே போனை எடுத்து, யானை அறிவிப்பு குரூப்பில் போட்டேன்: "ஸ்டோர் வளைவில் லைட் கம்பத்துக்குக் கீழே மொட்டைவாலன் நிற்கிறான். யாரும் இறங்க வேண்டாம். – ஜோமோள்." இரண்டு நிமிடத்தில் எட்டுக் கும்பிடு, மூன்று கட்டைவிரல். ஃபாரஸ்ட் வாச்சர் பினு சேட்டன் 'தேங்க்ஸ் மோளே' என்று போட்டிருந்தார். எங்கள் லயத்தில் வரிசையாக ஆறு வீடு. ஏலக்காய் ஸ்டோர் வளைவு எங்கள் வீட்டிலிருந்து மட்டும்தான் தெரியும். அதோடு நான் விடியுமுன் எழுந்து படிக்கிற பிள்ளை என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன். ஏழரை வரை தூங்கினேன்.

இது நான்காவது யானை. முதலாவது மட்டும் அசல்.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது பிடித்தால் என் பக்க நியாயம் வேண்டாமா. நவம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, தேனியில் ஒரு ரத்தக் குழாயில் கம்பி வைத்தார்கள். இன்னொரு குழாயில் பாதி அடைப்பு. தினமும் நாற்பது நிமிடம் நடந்தால் அதை வளரவிடாமல் வைத்திருக்கலாம், நடக்காவிட்டால் மறுபடி இங்கேதான் வந்து படுக்க வேண்டும் என்றார் டாக்டர். தனியாக விடக்கூடாது என்று அம்மா என்னைத் துணைக்குப் போட்டாள். காலை ஆறு மணிக்கு. போடிமெட்டுக் குளிரில். என்னைக் கேட்காமல்.

அப்பா எஸ்டேட் சூப்பர்வைசர், இப்போது மெடிக்கல் லீவு. இருபது வருடமாக இந்த மலையை ஏறி இறங்குகிறவர். நாலு நாள் நடக்காவிட்டால் கால் என்ன மறந்தா போகும்?

22 ஜனவரி

யானைக்கு அம்மா மாற்று கண்டுபிடித்துவிட்டாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை.

ஏற்கெனவே டிசம்பரில் ஒரு பெடல் வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிப்பது. அப்பா மிதிக்க மிதிக்க அது நகர்ந்து அடுப்படிக்குப் போய்விடும், அப்பா நாற்காலியோடு பின்னாலேயே போவார். மூன்றாம் நாள் ஒரு கால் கழன்றது. பெடலுக்கு.

இன்று ட்ரெட்மில். அம்மாவின் தம்பி ராஜசேகர் மாமா, போடியில் மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து வாங்கி ஜீப்பில் கட்டி எடுத்து வந்தார். செக்போஸ்ட்டில் நிறுத்தி, ஏலக்காய் சலிக்கிற மிஷினா என்று கேட்டார்களாம். அடுப்படிக் கூரை மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணம் மொத்தமும் அதில் போயிற்று.

"மழை இல்ல, பனி இல்ல, யானை இல்ல. வீட்டுக்குள்ளயே நடங்க," என்றாள் அம்மா.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எங்க போகுது, ஞானம்?"

"எங்கயும் போகாது. அதானங்க வேணும்."

முன்னறையில் அதற்கு இடம் வேண்டி என் கட்டிலைப் பிரித்து வெளியே சாத்திவிட்டார்கள். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டிருக்கிறேன். இரண்டு சப்பாத்திக்கு நடுவில் குருமா மாதிரி.

24 ஜனவரி

மில் என்றால் மாவாவது அரைக்க வேண்டும். இது மானத்தை அரைக்கிறது.

28 ஜனவரி

எங்கள் வீட்டில் பிரஷர் வியாதி இரண்டு பேருக்கு. அப்பாவுக்குக் கூடுதல், கரண்டுக்குக் குறைவு.

மிஷினைப் போட்டால் லயம் முழுக்க பல்பு கண்ணை மூடுகிறது. பக்கத்து வீட்டு மொக்கையன் மாமா சுவரைத் தட்டினார். "ஏப்பா சுவக்கீனு, நீ நடக்க ஆரம்பிச்சா எங்க வீட்டு டிவி படுத்துக்குதுப்பா."

"பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க அண்ணே," என்று அம்மா கத்தினாள்.

"பத்து நிமிஷத்துல செய்தி முடிஞ்சிரும்த்தா."

அப்பா இரண்டு கைப்பிடியையும் மலை பஸ்ஸில் நிற்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். திடீரென்று கரண்ட் போயிற்று. பெல்ட் நின்றது, அப்பா நிற்கவில்லை. முழங்காலில் தோல் பெயர்ந்துவிட்டது. அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டே, "போடுறதுக்கு முன்ன கரண்ட பத்தி அவன் ஒரு வார்த்த சொல்லல பாருங்க," என்று தம்பியைத் திட்டினாள். வாங்கியவளை அவள் திட்டவில்லை. நானும் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. மிஷின் வாங்கச் சொன்னது நானா?

2 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து பாதி லயம் மிஷின் பார்க்க வந்தது. மொக்கையன் மாமா கம்பூட்ஸோடு ஏறி மூன்று நிமிடம் நடந்தார். இறங்கி, "காட்டுல நடந்தா சம்பளம் தாரான். இதுல நடக்க நாம தரணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா அதில் ஏறி ஐந்து நாள் ஆகிறது. 24ஆம் தேதி தேனியில் செக்கப்.

5 பிப்ரவரி

மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

நேற்றும் ஒரு யானையை அனுப்பியிருந்தேன். மிஷின் வந்த பிறகு எதற்கு யானை என்று கேட்டால், பழக்கம். அது வராவிட்டால் அம்மா மறுபடி என்னைத் துணைக்குப் போடுவாள். இன்று மத்தியானம் பினு சேட்டன் டார்ச்சும் கையுமாக வாசலில் நிற்கிறார்.

"மோளே, நீ கண்டது உள்ளதா? கால்பாடு ஒண்ணும் காணல்லியே. ஆனப்பிண்டம்கூட இல்ல. ஆனை என்ன, பறந்தா போச்சு?"

"தடம், லத்தி எல்லாம் பனி விழுந்து அழிஞ்சிருக்கும் சேட்டா," என்றேன்.

"பனி விழுந்து பிண்டம் அழியுமா?"

பொய் தீர்ந்துபோயிற்று. எனக்கு. வகுப்பில் பேச்சுக்கு வாயை வாடகைக்கு விடுகிற எனக்கு.

அப்போது உள்ளறையிலிருந்து அப்பா வந்தார். "நானும் பாத்தேன் பினு. வளைவுல நின்னுட்டு மேலாப்ல ஏறிருச்சு."

அப்பா சொன்னால் பினு சேட்டனுக்கு மறுபேச்சு இல்லை. போய்விட்டார். ஆனால் எனக்கு இன்னும் புரியவில்லை. இல்லாத யானையை அப்பா எப்படிப் பார்த்தார்? என்னை நம்பி நம்பி அவருக்கே தெரிய ஆரம்பித்துவிட்டதா?

8 பிப்ரவரி, சனி

குழாயடியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினான்கு படி. இன்று குடத்தோடு பின்னால் வந்தேன். அப்பா வெறுங்கையோடு முன்னால். ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

வார் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்.

ச்சீ. நாலு நாள் தூங்குனதுக்கா இது? நான் என்ன செஞ்சுட்டேன், ஊர்ல ஒருத்தரும் பொய்யே சொல்லலயா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாம். ஆனால் சாமியாரிடம் அம்மா நம்பர் இருக்கிறது.

நாளையிலிருந்து யானைக்கு லீவு.

10 பிப்ரவரி

யானைக்கு லீவு விட்டும் பயனில்லை. நேற்றும் இன்றும் ஐந்தே முக்காலுக்கு நானே எழுந்து, ஸ்வெட்டர் மாட்டி, அப்பா முன்னால் போய் நின்றேன். "வாங்கப்பா, போவோம். இன்னைக்கு ஒண்ணும் நிக்கல."

"மிஷின்தான் இருக்குல்லா."

"அதுல ஏறவே மாட்டேங்கிறீங்க."

"ஏறுவேன்." போய் மிஷின்மேல் ஏறி நின்றார். சுவிட்சைப் போடவில்லை. ஓடாத பெல்ட்டில் நின்றபடி காபி குடித்தார்.

யானையும் இல்லை, பனியும் இல்லை. பிறகு எதுதான் இவருக்கு வழியை மறிக்கிறது?

12 பிப்ரவரி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா மாவரைக்கப் போயிருந்தாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன்.

"யானை வரலன்னு சொல்லப்போற."

நான் மிஷின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு மணிக்கே முழிப்பு வந்துருது எனக்கு. உள்ள ஜன்னல்ல உக்காந்து அந்த வளைவத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். முயல் போனாக்கூடத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் உன் போர்வை வெளிச்சமாகும். ரெண்டு நிமிஷத்துல என் போன் சத்தம் போடும்."

"தெரிஞ்சா ஏன்ப்பா திட்டல? பினு சேட்டன்கிட்டயும் சேந்து பொய் சொன்னீங்களே."

"எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

அப்புறம் சொன்னார். நவம்பரில் விழுந்தது அந்த வளைவில்தான். எங்களிடம் ஸ்டோர் வாசலில் என்று சொல்லியிருந்தார். "செடிக்குள்ள முக்கா மணி நேரம் கெடந்தேன்டி. கூப்பிட்டேன், சத்தம் வரல. மேல் ரோட்டுல ஆளுங்க சிரிச்சுப் பேசிட்டுப் போறது எனக்குக் கேக்குது. யானைன்னா ஓடிரலாம். இதுக்கு எங்க ஓட?"

எனக்கு ஒண்ணும் வரல. ஒரு ஜோக்கு கூட.

பிறகு கோபம் வந்தது. இவர் பயத்துக்கு என் பொய் போர்வை, என் தூக்கத்துக்கு இவர் நெஞ்சுவலி தலையணை. நல்ல குடும்பம். "சரிப்பா. நான் குரூப்ல உண்மையப் போடுறேன். நீங்க அந்த வளைவு வரைக்கும் வரணும்," என்றேன்.

"ஊரே ஏசும்டி."

"ஏசட்டும். காதுதானே, காலா? நடக்கிறதுக்குக் காது வேண்டாம்."

"வேண்டாம் ஜோமோளு. சொல்லாமலே வாரேன்."

"சொல்லாம வந்தா நீங்க ரெண்டு நாள்ல நின்னுருவீங்க."

13 பிப்ரவரி

காலை 5.50க்குப் போட்டது: "ஜனவரியிலிருந்து நான் சொன்ன யானைகளில் முதலாவது மட்டுமே உண்மை. மற்ற நான்கும் நான் தூங்குவதற்காகச் சொன்னவை. அப்பாவுக்கு இதில் பங்கில்லை. – ஜோமோள்." (அப்பாவைப் பற்றிய வரி மட்டும் பொய். அது என் இஷ்டம்.)

கும்பிடு ஒன்றுகூட இல்லை. பினு சேட்டன் குரலிலேயே அனுப்பினார்: "நாளைக்கு ஆனை நெஜமாவே நிக்கும்போ ஆரு விசுவசிக்கும்? ஆரெங்கிலும் செத்தா நீ வந்து சமாதானம் பறயுமா?" உடனே என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். அவர் கேட்டது நியாயம். இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மொக்கையன் மாமா நேரிலேயே வந்தார். "நாலு நாளு மேல் ரோட்ட சுத்தி, இந்த முட்டிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிருக்கேன். ஒந் தூக்கத்துக்கு நான் நடந்திருக்கேன்த்தா." மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே.

அம்மா எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டாள். வீட்டுக்குள் போய் மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மிஷினைப் பார்த்தாள்.

"ஏட்டி. அப்ப இது வந்ததே ஒன்னாலயா?"

"வாங்கினது நீங்கம்மா."

முதுகில் ஒன்று விழுந்தது. ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் அடுப்படியில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அடியே தேவலை.

14 பிப்ரவரி

அப்பா வாக்குத் தவறவில்லை. வளைவு வரை வந்தார். அங்கே நின்று, சட்டை நனைய வேர்த்து, "போதும், திரும்பிருவோம்," என்றார்.

நான் ரோட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஈரம்டி, எந்திரி."

"நீங்க இதத் தாண்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ஜீப் வந்தாலும் சரி."

ரொம்ப நேரம் நின்றார். பிறகு, மலையை விலைபேச வந்தவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து, தாண்டிப் பத்து எட்டு வைத்தார். திரும்பி, "போதுமா?" என்றார்.

"நாளைக்குப் பதினொண்ணு."

24 பிப்ரவரி, தேனி

அடைப்பு அப்படியே இருக்கிறதாம். அப்படியே இருப்பதுதான் நல்ல செய்தியாம். அம்மா டாக்டரிடம் ட்ரெட்மில்லைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தாள். அவர், "மலையிலயா இருக்கீங்க? எதுக்கும்மா?" என்றார். வருகிற வழி முழுக்க அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் காசில் அவளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தேன். சரித்திரத்தில் இப்படி நடந்ததில்லை.

1 மார்ச்

மிஷின் வாங்க இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். வோல்டேஜைப் பற்றிக் கேட்டதும் இருவரும் ஓட்டமெடுத்தார்கள். யாரையாவது ஓட வைத்துவிட்டது, பரவாயில்லை. அம்மா ராஜசேகர் மாமாவுக்குப் போன் செய்து திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். மாமா ஜீப் ரிப்பேர் என்கிறார். நான் இன்னும் குருமாதான்.

8 மார்ச், சனி

பரீட்சைக்குப் படித்ததில் அலாரம் கேட்கவில்லை. கண் திறந்தபோது ஆறே முக்கால். அப்பாவின் கட்டில் காலி. ஷூ இல்லை.

"அம்மா, அப்பா எங்க?"

"நடக்கப் போயிருக்காரு."

"யாரு கூட?"

"ஒன்னத்தான் எழுப்புனாரு. நீ காலால எத்துன."

உள் ஜன்னலுக்கு ஓடினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார், வளைவுக்கும் அந்தப் பக்கம் எங்கிருந்தோ. கூட யாரும் இல்லை. வளைவுக்கு வந்ததும் நின்றார். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் குனிந்து ஒரு ஏலச்செடியின் அடியை விலக்கி, புதுச் சரம் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். விட்டிருக்கும் போல. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மேலே நடந்தார்.

குழாயடியில் மொக்கையன் மாமாவின் குரல்: "எங்கப்பா, காவலுக்கு வார பிள்ள?"

"அது தூங்குது."

என்னை விட்டுவிட்டுப் போக இந்த மனுஷனுக்கு என்ன தைரியம்.