ஆள் வராமலிருக்க ஒரு விளம்பரம்

ஜனவரி 14, செவ்வாய்

க்ரௌஸ் கடலுணவு நிறுவனத்தின் இயக்குநர் குழு (முதலாளி வென்டல், அவன் தங்கை பெரில், ஒரு டஜன் டோனட்) இன்று முற்பகல் நீண்ட நேரம் விவாதித்து, பிற்காலத்தவர் நினைவுகூரத்தக்க ஒரு முடிவுக்கு வந்தது. வேலை விளம்பரத்தின் ஒரு பிரதி ஊர் கர்லிங் விளையாட்டு கிளப் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கீழ் இடது மூலையில். காணாமல் போன பூனையின் படத்துக்கும் கீழே. கழிப்பறைக் கதவு திறந்திருக்கும்போது அந்த மூலை முழுதாக மறைந்துவிடுகிறது என்பதை பெரில் நேரில் போய் உறுதி செய்துகொண்டு வந்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குறிப்பெடுத்தது நான். சம்பளம் வாங்குகிறேனே.

விஷயம் இதுதான். எங்கள் குளிர்கிடங்கு மெக்கானிக் டெல்ஃபின் அபுயானின் வேலை அனுமதி மே 9-ஆம் தேதி முடிகிறது. உள்ளே சிங்கி இறால் உறைந்தபடி இருப்பது இயற்கை என்று இயக்குநர் குழு நம்புகிறது. அது இயற்கையல்ல, டெல்ஃபின். அவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால், இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் தேடினோம், அகப்படவில்லை என்று அரசுக்குக் காட்ட வேண்டும். மூன்று இடங்களில், நான்கு வாரம் விளம்பரம். தேட வேண்டும், கிடைத்துவிடக் கூடாது. பணக்காரர்கள் பக்தி செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஜனவரி 17, வெள்ளி

தகுதிகள் வகுக்கும் நாள். வென்டலின் முறை தனி முறை. வேலைக்கு என்ன வேண்டும் என்று அவன் யோசிப்பதில்லை. ஊரில் யார் வந்துவிடக்கூடும் என்று யோசிக்கிறான்.

லாய்டுக்கு இதய அறுவை நடந்திருக்கிறது. எனவே பன்னிரண்டு மீட்டர் ஏணியில் தனியே ஏறத் தெரிய வேண்டும். மர்ரேயின் லைசென்ஸை போலீஸ் பிடுங்கி வைத்திருக்கிறது. எனவே கனரக வாகன லைசென்ஸ் கட்டாயம். கார்னெட் ஹில்ட்ஸ்தான் உண்மையான ஆபத்து. ஆல்பர்ட்டாவில் குளிர்சாதன வேலை பார்த்தவன், ஒன்பது வருடம். எனவே பத்து வருட அனுபவம். அவனுக்கு பிரெஞ்சு ஒரு சொல் வராது. எனவே பிரெஞ்சு பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஸ்லேட் ஹார்பரின் குறைகளை இத்தனை கச்சிதமாக இதற்கு முன் யாரும் தொகுத்ததில்லை. பாதிரியார்கூட.

டெல்ஃபினுக்கும் பிரெஞ்சு தெரியாதே என்றேன்.

வென்டல் என்னைப் பரிவோடு பார்த்தான். பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

"மிர்னா, அவருக்கு எதுக்கு இதெல்லாம்? இது மத்தவங்களுக்கு."

ஜனவரி 20, திங்கள்

தட்டச்சு செய்தேன். மறுபடியும் சொன்னேன். அவருக்கு அனுபவம் சொந்த ஊர் செபுவில் நாலு வருடம், இங்கே நாலு, ஆக எட்டுதான். லாரி லைசென்ஸும் கிடையாது என்று. வென்டல் தொலைபேசியில் இருந்தான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அரசு வேலைத் தளத்தில், மாவட்டப் பத்திரிகையில், பூனைக்குக் கீழே — ஏற்றியாயிற்று.

ஜனவரி 29, புதன்

கழிப்பறைக் கதவு பெரில் எதிர்பார்த்தபடி ஒத்துழைக்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்குப் படிக்க வேறு என்ன இருக்கிறது? ஊர் முழுக்கப் படித்துவிட்டது. லாய்டின் மனைவி கடையில் என்னைக் கண்டதும் ரொட்டி அடுக்கைக் கவனமாக ஆராயத் தொடங்கினாள்.

மத்தியானம் கார்னெட் வந்தான். பூட்ஸில் பனி. பலகையிலிருந்து பிய்த்த தாளை மேசையில் வைத்து விரலால் தடவிக் காட்டினான்.

"ஏணி லாய்டு. லைசென்ஸ் மர்ரே. இந்தக் கடைசி ரெண்டும் நான்தானே?"

நான் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"ரெண்டு வரி ஒதுக்கியிருக்கான். பெரிய மனுசன்தான் நான்."

விண்ணப்பம் தருகிறாயா என்று கேட்டேன். டெல்ஃபின் வேலையைப் பறிக்க வரவில்லை என்றான். கூட ஒரு ஆள் கேட்டிருந்தால் வந்திருப்பேன், அந்த மனிதர் தனியாகக் கிடந்து சாகிறார் என்றான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் வேறொரு பிரதி ஒட்ட வேண்டியதாயிற்று. பூனையையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

டெல்ஃபினும் படித்துவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமலே என் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, இது என் வேலைதானே?"

ஆமாம் என்றேன்.

"எனக்கே கிடைக்காதே."

வென்டல் பார்த்துக்கொள்வான் என்று சொன்னேன். நான் சொன்னேன், நானேதான். இந்த வாயை என்ன செய்வது?

அவர் பிரெஞ்சு கற்க ஆரம்பித்துவிட்டாராம். ஓட்ஸ் டப்பாவில் பிரெஞ்சு அச்சிட்ட மறுபக்கத்திலிருந்து. மகள் ஜோவெலின் பள்ளியில் பிரெஞ்சு படிப்பதால் உச்சரிப்பைத் திருத்துகிறாளாம். ஓட்ஸில் எத்தனை நார்ச்சத்து என்று அவரால் இப்போது சொல்ல முடியும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான்கு வாரம் முடிந்தது. விண்ணப்பங்கள்: பூஜ்யம். வென்டல் கேக் வாங்கி வந்தான். மனு அனுப்பப்பட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

அனுமதி அலுவலகத்திலிருந்து அழைப்பு. குரலில் முப்பது வயதுப் பெண், அவசரமே இல்லாதவள். வென்டல் ஸ்பீக்கரில் போட்டான், நாங்கள் ரசிக்க வேண்டும் என்று.

இத்தனை நிபந்தனைகள் உண்மையாகவே வேண்டுமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வென்டல் ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்தான். பிரெஞ்சு இல்லாமல் குளிர்கிடங்கு ஒரு நாள் ஓடாது. பத்து வருடத்தில் ஒரு மாதம் குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து. லாரி ஓட்டத் தெரியாதவனைக் குளிரூட்டும் அம்மோனியா குழாய்கள் பக்கம் விடுவதே குற்றம். பெரில் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தொலைபேசியில் அது தெரியாது.

"நல்லது சார். இதுல உங்க டெல்ஃபின் எதையெல்லாம் பூர்த்தி பண்றார்?"

ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. வென்டல் என்னைப் பார்த்தான். கணக்குப் பரீட்சையில் பார்ப்பானே, அதே பார்வை. நான் சன்னலுக்கு வெளியே கடற்பறவைகளைப் பார்த்தேன்.

"ஏணி ஏறுவார்," என்றான் வென்டல்.

ஏப்ரல் 16, புதன்

மனு நிராகரிக்கப்பட்டது. இன்றியமையாதவை என்று முதலாளியே உறுதி சொன்ன தகுதிகள் அந்த ஊழியரிடம் இல்லை. நியாயமான தகுதிகளோடு மீண்டும் நான்கு வாரம் விளம்பரம் செய்து மீண்டும் மனுச் செய்யலாம். இன்றே செய்தாலும் மே பாதி ஆகிவிடும், அப்புறம் அவர்கள் பரிசீலிக்க வேண்டும்.

வென்டல் கண்டறிந்த காரணம்: அரசாங்கம். பெரில் கண்டறிந்த காரணம்: இந்தக் காலத்தில் யாருக்கும் வேலை செய்ய மனசில்லை. இதை விளக்கி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னாள். எழுதினேன். நல்ல நடை.

ஏப்ரல் 17, வியாழன்

டெல்ஃபினிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. வென்டலுக்குத் திடீரென்று ஹாலிஃபாக்ஸில் வேலை.

கோபப்படுவார் என்று தயாராகப் போனேன். ஜோவெலினின் பள்ளி ஜூன் கடைசி வரை இருக்கிறதே, அதுவரையாவது இருக்க விடுவார்களா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் மனைவி நெனிட்டா, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாளாம், அங்கே ஒரு கிழவர் அவள் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாராம். போன கோடையில்தான் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள்.

என்னத்தச் சொல்றது. என்னத்தத்தான் சொல்றது? ரெண்டு தடவ சொன்னேன் அந்த முட்டாள்கிட்ட. மூணாவது தடவ கத்தியிருக்கணும். மேசையத் தூக்கிப் போட்டிருக்கணும். தட்டச்சு செஞ்சு, எழுத்துப்பிழை பாத்து, கொண்டுபோய் ஒட்டினேன்.

மே 9, வெள்ளி

சாவிகளைக் கொடுத்துவிட்டார். வென்டல் உரையாற்றினான்: "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்." குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு தொப்பி வழங்கப்பட்டது, நிறுவனத்தின் பெயர் போட்டது.

மே 13, செவ்வாய்

புது விளம்பரம். இரண்டே வரி, தகுதி எதுவும் இல்லை. பலகையின் நட்டநடுவில், நான்கு குண்டூசி. அதோடு வென்டல் தானே கார்னெட் வீட்டுக்கும் போயிருக்கிறான், ஒரு பாட்டில் ரம்மோடு. பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், முடித்ததும் வருகிறேன் என்று கார்னெட் சொல்லி அனுப்பிவிட்டானாம். ரம்மைத் திருப்பித் தரவில்லை.

மே 24, சனி

ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் டெல்ஃபின் குடும்பத்தை இறக்கிவிட்டு வந்தேன். ஏழு பெட்டி. ஜோவெலின் வழி முழுக்கத் தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

ஜூன் 14, சனி

தேவாலய மண்டபத்தில் காலை முதல் வரிசை. க்ரௌஸ் நிறுவனம் வீட்டுக்கு மூன்று பெட்டி சிங்கி இறால், அடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, இலவசமாகக் கொடுக்கிறது. இன்றைக்குள் சமைத்துவிட வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.