ஒரே மாதிரி ரெண்டு டப்பா

ஜூலை 7, திங்கள்

தூறல். காற்று. லீவு போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க லேபுக்கு. வெறும் வயிறு.

வயிறுதான் வெறும் வயிறு. ஊசி முடிந்ததும் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டேஷன் கடையில் ஒரு மசால்வடை வாங்கி, பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஊசிக்காரப் பெண் கையை நீட்டச் சொன்னாள். ஊசியைப் பார்க்கக்கூடாதே என்று குனிந்தேன். வடை விழுந்தது. உருண்டு போய் அவள் செருப்புப் பக்கத்தில் நின்றது.

"இது உங்களுதா அங்கிள்?"

"இல்லம்மா" என்றேன். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு வந்த லட்சணம்.

எல்லாம் அண்ணனால் வந்தது. மே மாதம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரெண்டு அடைப்பு. பிழைத்தார். "கூடப் பிறந்தவங்க எல்லாரும் செக் பண்ணிக்குங்க" என்று டாக்டர் சொல்ல, என்னையும் இழுத்துப் போனார்கள். எனக்கும் கொழுப்பு ஏகத்துக்கு. ஆறு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், குறையாவிட்டால் மாத்திரை என்றார்கள். அந்த ஆறு வாரம் இன்றோடு முடிந்தது.

வீட்டை விட்டுப் போனவை: பாமாயில், அப்பளம், ஊறுகாய், ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்புக்கறி.
வந்தவை: கேழ்வரகு, கொள்ளு, முருங்கைக்கீரை, எண்ணெய்க்கு ஒரு அளவு ஸ்பூன். அந்த ஸ்பூனைப் பார்த்தால் காது குடைகிற சாமான் மாதிரி இருக்கிறது.

மகள் பவித்ராவும் எனக்குத் துணையாக அதையே சாப்பிடுகிறாள். மனைவி செல்வி மட்டும் மீந்துபோன அப்பளத்தையும் ஊறுகாயையும் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். "காசு குடுத்து வாங்கினது, குப்பைல கொட்டவா?"

ஜூலை 8, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் ரிசல்ட், பவித்ராவின் போனில்.

"அப்பா, எறங்கலப்பா. கொஞ்சம் ஏறிக்கீது."

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள்.

"நான் இன்னா தப்பு பண்றேன்?"

என்னைக் கேட்கவில்லை. சட்டியைக் கேட்டாள். விடியும் முன்னே எழுந்து கீரை ஆய்கிறவள்.

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றேன்.

"அந்த அரை ஸ்பூன் உப்பும் வேணாம். கீரைய வெறும் தண்ணில வேக வெக்கிறேன்."

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். அது தினமும் காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகிறது.

எங்கள் ரயில் பெஞ்சில் ஒரு சட்டம். தன் டப்பாவைத் தானே சாப்பிடக்கூடாது. எங்கள் அப்பாக்கள் தங்கச் சுரங்கத்துக்குள் வைத்த வழக்கம் அது. கீழே லெவலில், வேலை நடக்கிற தளத்தில், சாப்பாட்டு நேரம் வந்தால் ஒருத்தன் டப்பா இன்னொருத்தன் கைக்குப் போகும். சுரங்கம் மூடிப் பிள்ளைகள் ரயிலேறினோம். சட்டமும் டிக்கெட் இல்லாமல் கூடவே ஏறிக்கொண்டது. பங்காருபேட்டை தாண்டினதும் டப்பா கை மாறும்.

என் டப்பா ஆண்டனிக்கு. ஆண்டனியின் டப்பா எனக்கு. மனைவி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது அவனுக்கு. வீட்டில் அடுப்பு பற்றுவதில்லை. ஓட்டல் பூரி, முட்டை போண்டா, சில நாள் எண்ணெயில் மிதக்கிற ஆட்டுக்குடல் போட்டி வறுவல். செல்வியின் கீரை அவன் வயிற்றில். அவன் பூரி என் வயிற்றில்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 9, புதன்

குளிர். ரயில் லேட்.

சொல்லவில்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் ஆண்டனி டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்தான்.

"இன்னா உப்பே இல்ல?"

"வூட்ல தீந்துடுச்சி."

"பரவால்ல. சிஸ்டர் கை பட்டா உப்பு எதுக்கு? மச்சான், ஒரு நாள்ல நான் துன்ற வூட்டுச் சோறு இது ஒண்ணுதான்."

எதிர் சீட்டு முனிராஜு என்னைப் பார்த்துச் சிரித்தான். பூதிகோட்டைக்காரன், பாதி கன்னடம். "நோடப்பா, ஆண்டனிக்கு பெல்ட்டுல புது ஓட்டை. ஏழுமலைக்குப் பழைய ஓட்டையே பத்தல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். கையில் பூரி.

கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி நடைமேம்பாலம் ஏறும்போது, பாதிப் படியில் நெஞ்சை யாரோ பெல்ட் போட்டு இழுத்துக் கட்டின மாதிரி. இடது தாடை வரைக்கும். நின்றேன். ஜனம் முட்டிக்கொண்டு போனது. ஷூ லேஸ் கட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

போட்டிருந்தது செருப்பு.

கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. வாயு என்று வைத்துக்கொண்டேன். அண்ணனும் மார்க்கெட்டில் உட்காரும் முன்னே வாயு என்றுதான் சொன்னாராம்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும். அதே படி. இன்றைக்கு போன் பார்க்கிறவன் போல நின்றேன். செருப்புக்கு லேஸ் கட்டுவதை விட இது மரியாதை.

கோடவுனில் மூட்டைக் கணக்கு தப்பாய் எழுதி சூப்பர்வைசரிடம் திட்டு. கை சில்லென்று இருந்தது.

வீட்டில் கொள்ளு ரசம். செல்வி எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதையே பார்த்தாள். மருந்து கொடுத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி. அவள் தட்டில் கடைசி அப்பளங்கள்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். அரை நாள் வேலை. சாயங்காலம் செல்வியோடு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து குரல்: "சிஸ்டர்! நல்லா கீறீங்களா?"

ஆண்டனி. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். தேங்காய்க் குவியல் பக்கம் போய் இருமினேன். அவன் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முதுகில் தட்டிக்கொண்டே பேசினான்.

"அந்த முருங்கக்கீர, அந்த கேவுரு அட... ஒண்ணர மாசமா உங்க புண்ணியத்துல உடம்பு எறங்கிடுச்சி சிஸ்டர். எனக்கு சுகர்கூட கொறஞ்சிட்ச்சின்னு டாக்டர் சொன்னாரு."

செல்வி சிரித்தாள். "சந்தோசம்ணா. நல்லா சாப்டுங்க."

அவரைக்காயை எடை போட்டாள். பையை என்னிடம் கொடுக்கவில்லை, அவளே தூக்கிக்கொண்டாள். ஆட்டோவில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆட்டோக்காரரே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில்தான் வாயைத் திறந்தாள்:

"அப்போ நான் ஆண்டனி அண்ணனுக்கா வடிச்சிக் கொட்னேன்?"

"பெஞ்சு சட்டம்..."

"உங்க அண்ணன் மார்க்கெட்ல உட்காந்த எடம் இன்னிக்கி நாம நின்ன எடம். தெரியுமா? அவரக்கா கடைக்கு அடுத்த கடை."

தெரியும். அதனால்தான் நான் தேங்காய்ப் பக்கம் போய் நின்றேன்.

பவித்ரா மெதுவாக, "ஆண்டனி அங்கிளோட ரிசல்ட்ட நம்ம பிரிட்ஜ்ல ஒட்டலாம்மா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

செல்வி உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "வேற இன்னா மறைக்கிறீங்க?"

சொன்னேன். படி, பெல்ட், தாடை, செருப்புக்கு லேஸ். செருப்புக் கதைக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் முதல் வேலை பக்கத்துத் தெரு டாக்டர். ஈசிஜி எடுத்தார். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை. செவ்வாய்க்கிழமை கோலார் ஆஸ்பத்திரியில் ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்ட். அதுவரை மாடிப்படி கிடையாது. மறுபடி வலித்தால் வாயு கீயு என்று உட்காராதே, நேரே ஆஸ்பத்திரி என்றார். செல்வி ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

நாளை வேலைக்குப் போகக்கூடாது என்றாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாவது வருகிறேன், பவித்ரா கூட வரட்டும், லிப்ட் இருக்கிற பக்கமாய் இறங்குகிறேன் என்று கெஞ்சி வாங்கினேன்.

"ஆண்டனி கிட்ட இனிமே மாத்த மாட்டேன்னு சொல்லிட்றேன்" என்றேன்.

"சொன்னீங்க, தொலைச்சிடுவேன். வூட்ல யாருமில்லாத மனுசன்."

ஜூலை 14, திங்கள்

தூறல் மறுபடியும்.

அடுப்பு மேடை மேல் ரெண்டு டப்பா. ஒன்று என்னுடையது. இன்னொன்று பவித்ராவின் பள்ளிக்கூட டப்பா, பூப்போட்டது. ரெண்டிலும் கேழ்வரகு அடை, அவரைக்காய், சுண்டல்.

"இது அவருக்கு. மாத்தித் தின்னுங்க, யார் வேணாம்னா? உங்க சட்டம் உங்களோட இருக்கட்டும்."

பங்காருபேட்டை தாண்டியது. பக்கத்தில் பவித்ரா. பூப்போட்ட டப்பாவை ஆண்டனி கையில் கொடுத்தேன். "இன்னிலேர்ந்து இது உன்னுது. செல்வி குடுத்தா. மாத்திக்க." அதைத் திருப்பி என்னிடம் நீட்டி, என்னுடையதை வாங்கித் திறந்தான். நான் பூப்போட்டதைத் திறந்தேன். முனிராஜு ரெண்டையும் எட்டிப் பார்த்தான்.

"ஒரே ஊட்டா ரெண்டு டப்பால! அப்புறம் எதுக்கப்பா மாத்தறது?"

"சட்டம்" என்றேன். அண்ணன் கதை, லேபில் விழுந்த வடை, என் நெஞ்சு, நாளைய டெஸ்ட் எல்லாம் சொன்னேன்.

 ஆண்டனி தன் பூரி டப்பாவை எடுத்துப் பைக்குள் தள்ளினான். "எனக்கு இன்னா தெரியும்? நீயும் வாயத் தொறக்கல. பூரிய மட்டும் தொறந்த வாய் மூடாம துன்ன."

மெல்ல முடியவில்லை எனக்கு. அடை உப்பில்லாமல் இருந்தது காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். கோலார். செல்வியும் நானும்.

உள்ளே போகும் முன் செல்வி என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். வடைக் கதை பவித்ரா வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

டெஸ்ட் மாடியில். என்னை லிப்டில் ஏற்றினார்கள், ஆள் நிறைந்துவிட்டது. "நான் படில வர்றேன்" என்றாள் செல்வி. மேலே இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று அவளுக்காகக் கீழே பார்த்தேன். பாதிப் படியில் நின்றிருந்தாள். ஒரு கை கம்பியில். பிறகு குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரி செய்கிறவள் போல இருந்தாள்.

கொசுவம் சரியாகத்தான் இருந்தது.

மேலே வந்ததும், "முட்டி வலி. வயசாவுது இல்ல" என்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி மெஷின் மேல் நடக்கவிட்டார்கள். நடந்தேன். எங்கேயும் போய்ச் சேரவில்லை. நான் நினைத்தது என் நெஞ்சை இல்லை.

டாக்டர்: லேசாய் மாறுதல் தெரிகிறது, இன்னும் ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம், பயந்து ஓடி வருகிற கட்டமில்லை. மாத்திரையை விடக்கூடாது, சாப்பாட்டையும் விடக்கூடாது. "வீட்ல யாரு சமையல்? அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க." செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது நான் கவுன்டருக்குப் போய் இன்னொரு சீட்டு போட்டேன். ரத்தமும் ஈசிஜியும். இன்றைக்கே, இப்போதே.

திரும்பி வந்தவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "இது யாருக்கு? எம்பேரு போட்டுக்கீது."

"உனக்குத்தான்."

"எனக்கு இன்னாத்துக்கு? தெண்டம்."

"ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி கட்னது நீதான?" என்றேன்.

சிரித்தாள். முறைத்தாள். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது உள்ளே இருக்கிறாள், நான் வெளியே அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முட்டி வலி என்றவளின் இன்னொரு கை படியில் எங்கே இருந்தது என்று நான் மேலிருந்து பார்த்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.