குடைச்சல்

இன்று ஐப்பசி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுபத்தொரு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் வயதில் இரண்டைக் கூட்டி ஊருக்குச் சொல்லும் பழக்கம் உனக்கு உண்டு. நீ போன பிறகும் உன் பிறந்தவீட்டார் அந்த வயதையே எனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிட்ஜில் தோசை மாவுக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே ஒரு சிறிய அட்டைப்பெட்டி இருக்கிறது. காலையில் தயிரை எடுக்கும்போது அதன் குளிர் புறங்கையில் பட்டது. உடனே உன் நினைவு வந்தது. வெள்ளை அணுக்களைக் கூட்டுகிற ஊசி. உனக்குப் போட்டார்கள்; இப்போது எனக்கு. நேற்றுத் தஞ்சாவூரில் மூன்றாவது கீமோ முடிந்தது. இன்று மாலை வலங்கைமான் கிளினிக்கில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்வதா, வேண்டாமா என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேனா என்பதும் தெரியவில்லை. கேட்காமலேயே நீ சொல்லியிருப்பாய். என்னிடம் சொல்லியிருக்க மாட்டாய், கோழியிடம் சொல்லியிருப்பாய்.

ஒரு வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள் நாம். அண்ணனுக்கு நான், தம்பிக்கு நீ. நான் தாவரவியலில் முதுகலை முடித்து வந்தேன். நீ பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பிலிருந்து, எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் அஞ்சாத வாயோடு வந்தாய். பாகம் பிரிந்தபோது வீட்டுக்கு நடுவே ஒரு மதில் எழுந்தது. வாய்க்காலில் மேல்மடை எங்களுக்கும் கீழ்மடை உங்களுக்கும் என்று ஆயிற்று. ஒரு குறுவையில் உங்கள் நாற்றங்கால் காய்ந்தது. மேல்மடைக்காரர்கள் தண்ணீரை மறித்துவிட்டார்கள் என்றாய் நீ. வரப்பில் நண்டு வளை இருக்கிறது, அதன் வழியே போயிற்று என்றேன் நான். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நண்டுகளிடம் யாரும் விசாரிக்கவில்லை.

அதோடு நமக்குள் பேச்சு நின்றது. ஜாடை மட்டும் நிற்கவில்லை. நம் பக்கத்துப் பெண்களுக்கு அது ஒரு தனிமொழி. சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியவர் காதில் விழும்படி, வேறெதையாவது பார்த்துச் சொல்வது. நீ மதிலுக்கு அப்பால் நின்று கொண்டு, "ஏ கோழி, எம்மெஸ்ஸி படிச்சுட்டு இப்படிக் குப்பையக் கிளறிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்பாய். நான் என் முருங்கையிடம், "சில மரத்துக்குக் காய் கம்மி, சலசலப்புதான் ஜாஸ்தி" என்பேன். கோழியும் முருங்கையும் நம் இரு குடும்ப வரலாற்றையும் முழுமையாக அறிந்திருந்தன.

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. உன் மகன் துபாயில். மருமகள் கைக்குழந்தைக்காரி. உன் கணவருக்கு ஆஸ்பத்திரி வாடை பட்டாலே தலை சுற்றும். தஞ்சாவூருக்கு நீ முதல்முறை புறப்பட்ட காலையில் நான் ஒரு துணிப்பையோடு தெருவைச் சுற்றி வந்து, வாடகைக்காரின் பின்னிருக்கையில் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் பிடரியைப் பார்த்துப் பேசினாய்.

"தம்பி, பெரியவர் அனுப்பிவிட்டா சில பேரு எமலோகம் வரைக்கும்கூட வருவாங்க போலிருக்கு. கொஞ்சம் ஏசியக் கூட்டுங்க."

பெரியவர் என்று நீ சொன்னது என் கணவரை. நான் பாபநாசம் தாண்டும்வரை சம்பா வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அனுப்பித்தான் வந்தேன் என்பது அன்றே உன் மனத்தில் உறுதியாகிவிட்டது. உனக்கும் அது சௌகரியமாக இருந்தது: என்னிடம் கடன்படாமல் என் தோளைப் பிடித்துக்கொள்ளலாம்.

கீமோவுக்குப் பின் உன் வெள்ளை அணுக்கள் இறங்கிவிட்டன. இந்த ஊசி வந்தது. போட்ட மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாய். அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது டாக்டரம்மா உன்னிடம் கேட்டார். சின்ன வயது, எந்த ஊர்ப்பெண்ணோ.

"வலி எப்படிம்மா இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நம்பர்ல என்ன டாக்டர் இருக்கு. ஒரே குடைச்சல். உக்கார விடல, படுக்க விடல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா? வீட்டுல யாரு உங்களுக்குக் குடைச்சல் குடுக்கறது?"

உன் முகத்தை நான் பார்த்தேன். தலைமயிர் போன நாளிலிருந்து காணாமற்போயிருந்த ஒரு வெளிச்சம் அதில் வந்து உட்கார்ந்தது.

"இதோ நிக்கிறாங்களே, இவங்கதான். என் மூத்த ஓரகத்தி. கல்யாணம் ஆன நாள்லேருந்து குடைச்சல்தான்."

டாக்டரம்மா என்னை வெளியே நடைக்கு அழைத்துப்போய், "பாக்கறதுக்குப் படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. பேஷன்ட்ட இந்த நேரத்துல மனசு நோகப் பேசாதீங்க" என்றார். எலும்புக்குள்ளே துளைபோடுவதைப் போன்ற வலிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், கடுப்பு வேறு, குத்தல் வேறு, உளைச்சல் வேறு என்று நான் ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் திரும்பி வந்தபோது நீ குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பார்த்து, "என்ன, வாங்கிக் கட்டிக்கிட்டாச்சா?" என்று கேட்டாய். பிறகு சிரித்தாய். சிரித்தால் இடுப்பு வலித்தது, வலிக்க வலிக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை அவசர அவசரமாக அணுக்களைச் செய்கிறது, அந்த நெருக்கடிதான் வலி என்று பிறகு எனக்கு விளக்கினார்கள். வலிக்கு எழுதித்தந்த மருந்தில் ஒன்று தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மாத்திரை. அதை நீ கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாய். "தும்முற மாத்திரைய இடுப்புக்குக் குடுக்குறாங்க. நாளைக்கு இருமினா முழங்காலுக்குத் தைலம் தடவச் சொல்லுவாங்க." எனக்கும் புரியவில்லை. படித்துப் பார்த்தேன்: சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, காரணம் உறுதியாகத் தெரியாது என்ற அளவில்தான் விஞ்ஞானமும் இருந்தது. உனக்குக் கேட்டதா என்றால், அதுவும் தெரியாது. ஒருநாள் கேட்டது என்பாய், மறுநாள், "யார் சொன்னா?" என்பாய்.

காய்ச்சல் பார்ப்பதில்தான் நமக்குப் பெரிய சண்டை. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்; மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், அணுக்கள் குறைந்த உடம்பில் மறைந்த காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும், காய்ச்சல் என்றால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "வலிக்கும் அதே மாத்திரை, காய்ச்சலுக்கும் அதே மாத்திரை. அப்புறம் எதுக்கு அளந்து பாக்கணும்?" என்று நீ வாயை இறுக மூடிக்கொள்வாய். நான் தெர்மாமீட்டரோடு உன் கட்டிலருகே நிற்பேன். நீ மின்விசிறியைப் பார்த்து, "சிலருக்குப் போலீஸ் வேலை கெடைச்சிருக்கணும், தப்பிப்போச்சு" என்று சொல்வதற்காக வாயைத் திறப்பாய். அதற்குள் வைத்துவிடுவேன்.

நீ அதையெல்லாம் தாண்டி எழுந்தாய். முடி சுருட்டையாக வளர்ந்தது. அதற்குப் பின் ஒரு தை மாதம், முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். எந்த நோயோடு அவ்வளவு மல்லுக்கட்டினாயோ அதனால் போகாமல், ஒரு முன்னறிவிப்பும் இல்லாத வேறொன்றால் போனாய். அதில் ஒரு ஒழுங்கும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது என் முறை. முதல் கீமோவுக்குப் பின் இந்த ஊசி இல்லை. அணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரண்டாவதற்குப் பின் ஊசி போட்டார்கள், காய்ச்சல் வரவில்லை. ஆக, விடை தெளிவு. விஞ்ஞானம் படித்தவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து என் மகன் கேட்கிறான். ஆனால் அந்தத் தெளிவு காகிதத்தில்தான் இருக்கிறது; என் இடுப்பெலும்பில் இல்லை. வயலில் பம்புசெட்டுக்கு போர் இறக்குவார்களே, நின்று நின்று, பாறை தட்டி, மீண்டும் இறங்கி, அப்படி இறங்கியது அந்தக் குடைச்சல். நெஞ்செலும்பில் வந்தபோது மாரடைப்போ என்று நினைத்தேன். உன் மொச்சை முறம் கண்ணில் நின்றது.

என் குழப்பம் இதுதான். கட்டி எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. வலிப்பதெல்லாம் வைத்தியம். கொல்ல வந்தது சத்தமில்லாமல் இருக்கிறது. காப்பாற்ற வந்தது எலும்பைக் குடைகிறது. இவற்றில் எதை நம்புவது என்று உடம்பைக் கேட்டால் அது தவறான பதிலைத்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, இந்த ஊசியால் அபூர்வமாக மண்ணீரல் வீங்குமாம்; இடது தோள்முனையிலோ இடதுபக்க மேல்வயிற்றிலோ வலி வந்தால் தாமதிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் இடது தோள் பல ஆண்டுகளாக வலிக்கிறது. போன் செய்து கேட்டேன். "புதுசா வர்ற வலின்னா வாங்கம்மா" என்றார்கள். எழுபத்தொரு வயதில் எது புதுவலி, எது பழையது என்று பிரித்துக் கொடுக்க ஒரு தாசில்தாரைத்தான் வரவழைக்க வேண்டும்.

போனமுறை வலியைப் பற்றி என்னையும் கேட்டார்கள். டாக்டர் வேறு, கேள்வி அதே. எனக்கு நம்பர் தெரியும், சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது "குடைச்சல்". அவரும் நிமிர்ந்து பார்த்து, "வீட்டுல யாராவது தொந்தரவு பண்றாங்களா?" என்றார். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் துணிப்பை உட்கார்ந்திருந்தது. "இப்ப யாருமில்ல" என்றேன்.

இன்று காலை, ஊசி வேண்டாம் என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். என் கணவருக்குக் காது மந்தம். இருமுறை கேட்டுவிட்டு, "உனக்கு வேணாம்னா விட்டுடேன்" என்று தினத்தாளுக்குத் திரும்பினார். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. சண்டை வராமற்போனதும் என் முடிவின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மூன்று மணி வாக்கில் உன் மருமகள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஸ்கூட்டர் சாவி.

"பெரியத்தை, கெளம்புங்க. வலங்கைமானுக்கு உங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மாமா சொன்னாங்க."

"உங்க மாமாவா?"

"ஆமா பெரியத்தை. இப்பதான் பட்டுக்கோட்டைலேருந்து போன் பண்ணாங்க. நான் என்ன பண்றது, பெரியவங்க சொன்னா கேக்கணும்ல."

உன் கணவர் காலை பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் போனை சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போனதை இவளேதான் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அந்தச் சமயத்தில் மதிலுக்கு அப்பால் அந்த போனே அடித்தது. அவருடைய நாதஸ்வர ரிங்டோன்; தெருமுனை வரை கேட்கும். அவள் சாவியைப் பார்த்தாள். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அது அடித்து ஓய்ந்தது.

"ஊசிய எடுத்து வெளிய வெக்கட்டுமா பெரியத்தை? ஜில்லுன்னு போட்டா எரியும், அரைமணி வெளிய இருக்கணும்னு அத்தை சொல்லுவாங்க."

"வை" என்றேன். "காய்ச்சல் பாக்கணும். தெர்மாமீட்டர் அலமாரியில இருக்கு. உன் மாமியார் மாதிரி நான் வாயை மூடிக்க மாட்டேன்."

"மூடிக்கிட்டாதான் என்ன பெரியத்தை. உங்கள எப்படித் தொறக்க வெக்கிறதுன்னும் அத்தை சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க." சொல்லிவிட்டு ஹெல்மெட் எடுத்துவரப் போயிருக்கிறாள்.

காய்ச்சல் இல்லை. அட்டைப்பெட்டி என்னெதிரே மேசைமேல் வியர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் குளிர் விடுகிற நேரத்தில்தான் இந்த மிச்சத்தை எழுதுகிறேன். போட்டுக்கொள்ளப் போகிறேன். குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, ஒன்றும் தீரவில்லை. நாளை மறுநாள் போர் இறக்குவார்கள். அப்போது உன் சொல்லைச் சொல்லிக்கொண்டு நானும் சுவரோரமாக நடப்பேன். தும்மல் மாத்திரை கேட்குமா என்று பார்ப்பேன். ஜாடை பேச அந்த முருங்கையும் போன புயலில் சாய்ந்துவிட்டது. மதிலிடம்தான் பேச வேண்டும்.

வாசலில் ஹாரன் அடிக்கிறாள். எழுந்திருக்கும் முன் ஒன்று. அன்று காரில் நீ ஓட்டுநரிடம் சொன்னாயே, அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நீ அங்கேயே இறங்கிப் போயிருப்பாய். பிறகும் சொல்லவில்லை. நல்லபடியாக எழுந்து நடமாடியபோதும் சொல்லவில்லை. அதற்குள் உனக்கு அது பழகிவிட்டிருந்தது, எனக்கும்தான். பெரியவர் என்னை அனுப்பவில்லை. மடைத் தகராறு தீரும்வரை உங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றுதான் முதல்நாள் சொன்னார். ஏன் வந்தாய் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னை யாரும் அனுப்பவில்லை.