இரண்டாவது சுவிட்ச்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியவில்லை. கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன். கப்பல் பேண்டில் உன் கிட்டார் வாசிப்பு எப்படிப் போகிறது? சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போன முறை நீ கூப்பிட்டபோது, லைனே சரியில்ல, நீங்களே பேசுங்க என்று உன் அக்கா என் கையில் கொடுத்துவிட்டாள் அல்லவா? லைன் நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். நான் போனில் கத்திச் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில் பேச எனக்கு மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். பதினொரு வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வாசிக்கிற ஓட்டலில் மானேஜர் இரண்டு தரம் எச்சரித்துவிட்டார். கிட்டார் சத்தத்தில் சாப்பிட வருகிறவர்கள் பேசிக்கொள்ள முடியவில்லையாம், தட்டைத் தூக்கிக்கொண்டு மூலை மேசைக்கு ஓடுகிறார்களாம். மாதக் கடைசிக்குள் சத்தம் குறையாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம். வெளியே எத்தனையோ கஷ்டம் வந்தபோதும் அந்த வெள்ளிக்கிழமையை அவள் விட்டதில்லை. அது போனால் அவள் என்ன ஆவாளோ.

அவளைக் கேட்டால் குற்றமெல்லாம் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அந்த நாற்பது வாட் ஆம்ப் மேல். அது கிழடாகிவிட்டதாம், மழுங்கலாக ஒலிக்கிறதாம், அதனால்தான் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறதாம். சின்னதாக, பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த ஆம்ப் ஒன்று வேண்டும் என்கிறாள். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன், தப்பென்றால் சிரிக்காதே: பெரிய பெட்டியை முழுமூச்சில் ஓட்டினால்தான் புளூஸுக்கு வேண்டிய அந்தக் கரகரப்பு வரும், அதற்குள் தெருவே எழுந்துவிடும். ஐந்து வாட் என்றால் சத்தம் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். ஆனால் ஜாஸ் பாட்டுக்குக் கரகரப்பே கூடாது, தெளிவாக இருக்க வேண்டும், அதற்குப் பதினைந்து வாட்டாவது வேண்டும் என்று இன்னொரு நாள் சொல்கிறாள். ஒரே பெட்டியில் இரண்டும் எப்படிக் கிடைக்கும், நீதான் சொல்ல வேண்டும். நீ சொன்னால் ஒப்புக்கொள்வாள்.

எனக்குச் சந்தேகம் ஆம்ப் மேல் இல்லை, மச்சான். அவள் காது மேல். கெட்டில் விசிலடித்து அடித்துத் தண்ணீர் வற்றிப்போகிறது, அவள் பக்கத்தில் நின்று காய்கறி நறுக்குகிறாள். ஒரு தரம் டாக்டரிடம் காட்டலாமே என்றேன். உங்க கண்ணாடிக் கடைக்கு வர்றவன் எல்லாம் குருடன், வீட்டுல நான் செவிடா, நல்லா இருக்கு உங்க வைத்தியம் என்று சிரித்தாள். நாலு நாள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிறேன். சொந்த வீட்டில் ஒரு காதைச் சோதிக்க வக்கில்லை.

போன வாரம் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். எழுத்துப் பலகைக்கு நான் விளக்கே போடவில்லை, மனிதர் மேலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். மனப்பாடம்! லைசென்ஸ் போய்விடும் என்ற பயம், பாவம். வீட்டில் வந்து சொன்னேன். உன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். கடலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து வாட் போதும், ஸ்பீக்கர் மட்டும் பன்னிரண்டு அங்குலமாக இருக்கட்டும், தெளிவும் வரும், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் வரும், கடைக் கிட்டாரை நம்பாமல் அவள் கிட்டாரையே எடுத்துப் போங்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே செய்தேன். செய்துவிட்டு இப்போது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். வீணைக்குடம் மாதிரி உள்ளே கூடாக இருக்கிற அவளுடைய அந்தத் தொப்பைக் கிட்டாரை நான்தான் சுமந்தேன். என் கடையில் லென்சை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேனே, அதே மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலாவது ஐந்து வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர். டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு என்று தள்ளிவிட்டாள். அடுத்தது பதினைந்து வாட். அலமாரிக் கண்ணாடி அதிரும் வரைக்கும் திருகினாள். அங்கே புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இப்பத்தான் கொஞ்சம் உயிர் வருது என்றாள் உன் அக்கா. எனக்கு முகம் வைக்க இடமில்லை.

மூன்றாவதுதான் நீ சொன்னது. அதில் இரண்டு சுவிட்ச். உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அது அப்போது தெரியாது. முதல் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், வால்வு சூடாகும். ஒரு நிமிஷம் கழித்து இரண்டாவதைப் போட்டால்தான் ஸ்பீக்கரில் சத்தம் வரும். கடைக்காரர் முதலாவதைப் போட்டார். அதற்குள் யாரோ கூப்பிட, உள்ளே போனார். சூடாகட்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் விளக்கைப் பார்த்தாள், வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். தாடையைக் கிட்டார் விளிம்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் வாசிக்கிறாள். சத்தம் மெதுவாக, மரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. முடித்துவிட்டு, இதுதான், இதேதான், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா கேக்குது பாருங்க என்றாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தேன் தெரியுமா! நான் ஒரு ஞானசூன்யம், ஆமாமா, ரொம்ப நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினேன்.

கடைக்காரர் திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்தார். மேடம், ரெண்டாவது சுவிட்ச் போடவே இல்லையே என்றார். அவள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. இன்னொரு பாட்டை எடுத்துவிட்டாள்.

எனக்கு அந்த லாரி டிரைவர் ஞாபகம் வந்தார். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் விரலை உதட்டில் வைத்துக் கடைக்காரரைப் பேசாதிருக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பில் போடப் போய்விட்டார்.

வீட்டில் கொண்டுவந்து இரண்டு சுவிட்சையும் போட்டு வாசித்தாள். முகம் சுருங்கிவிட்டது. கடையில கேட்டது இது இல்ல, நல்ல வால்வை உருவிட்டு வேற மாட்டிட்டான், ஏமாத்துக்காரன் என்றாள். மறுநாளே சண்டைக்குக் கிளம்பினாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பாக்குறேன் மேடம், பாக்குறேன் மேடம் என்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி பக்கத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் உனக்கு வால்வு கேட்டு எழுதினாள். அந்தக் கடிதம் இதற்கு முன்பே உனக்கு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஓட்டலில் மானேஜருக்கு ஏகச் சந்தோஷம். இப்பத்தாம்மா கேக்க இதமா இருக்கு என்று பாராட்டினார். வேலை தப்பித்தது என்று நானும் மூச்சுவிட்டேன். இடைவேளையில் டிரம் வாசிக்கிற நம் ‘இடி’ என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், அண்ணே, அவங்களுக்கு நாங்க வாசிக்கிறது கேக்கல, அவங்க வாசிக்கிறதும் கேக்கல, நாங்கதான் அவங்க விரலைப் பாத்துப் பாத்துப் பின்னாடியே ஓடுறோம், எத்தனை நாளைக்கு ஓடுறது என்றான். அவ்வளவு பெரிய ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரிய ஆம்ப் இருந்தவரைக்கும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அதைப் பிடுங்கிவிட்டுச் சின்னதைக் கையில் கொடுத்தது நான்தானே.

என்னிடம் கண்ணாடி போடுகிற காது டாக்டர் ஒருவர் இருக்கிறார். யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். தாடை மரத்தில் படும்போது எலும்பு வழியாகவே ஒலி உள்ளே போகுமாம், சிலருக்கு அது தெளிவாகக் கேட்குமாம், ஸ்பீக்கர் சத்தம் சேர்ந்தால் கலங்கிவிடுமாம். அவங்களுக்கு இருக்கிறது எந்த மாதிரிக் குறைன்னு சோதிச்சாத்தான் தெரியும், எவ்வளவு சீக்கிரம் கூட்டிட்டு வர்றீங்களோ அவ்வளவு நல்லது, உங்க மனைவிதானே என்றார். பிறகு வருகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். என்னைத் திட்டு, பரவாயில்லை. புது ஆம்பைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரமாகத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிற மாதிரி இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. பின்பக்கமாகப் போய் இரண்டாவது சுவிட்சை நானே அணைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவள் தாடையை மரத்தில் வைத்தாள், தந்தியை நாலு தரம் மீட்டினாள், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வந்துடுச்சுங்க, அதே சத்தம் வந்துடுச்சு, சூடாக லேட்டாகுது போல என்றாள். ஒரு மணி நேரம் வாசித்தாள். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அது ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

நாளைக்கும் அணைப்பேனா? ஓட்டலில் யார் அணைப்பது? உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் வாயைத்தான் பார்க்கிறாள், மச்சான். நான் பேசும்போது என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் வேறெதையோ சொல்லி எழுந்துவிடுகிறேன்.

தம்பிக்கு எழுதிடுங்க, ஆம்ப் சரியாயிடுச்சு, வால்வு அனுப்ப வேண்டாம், வீண் அலைச்சல் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னபடி எழுதிவிட்டேன். வால்வு வேண்டாம்.

நீ வா. அடுத்து எந்தத் துறைமுகமாக இருந்தாலும் சரி, இறங்கி வா. சின்ன வயசில் உன் விரலைப் பிடித்துத் தந்தியில் வைத்துக் காட்டியவள் அவள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நீ வாசி. அப்போது நீயே தெரிந்துகொள்வாய். நான் சொல்ல வேண்டியிருக்காது.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அத்தான்