கிணற்றடிச் சிவப்புச் சவர்க்காரம்

அப்பா,

டொக்டர் அந்தச் சிவப்புச் சவர்க்காரத்தை மூக்கருகே கொண்டுபோய் மணந்துவிட்டு மேசையில் வைத்தார். அந்த வாடையோடு நீங்களும் அறைக்குள் வந்துவிட்டீர்கள், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு, கிணற்றடியிலிருந்து நேரே வந்தவர் மாதிரி.

என் மகளுக்கு முழங்கை மடிப்பில் எக்சிமா. சொறிந்து சொறிந்து இரத்தம் வருகிறது.

"இதையோ பிள்ளைக்குப் போடுறீங்கள்?"

"ஓம் டொக்டர். சின்னனில நானும் இதுதான் போட்டனான்."

"இது தோலைக் காயவைக்கும். காய்ஞ்சால் இன்னும் கடிக்கும், சொறியச் சொல்லும். முதல்ல இதை நிப்பாட்டுங்கோ."

மீனையும் நிறுத்தியிருப்பதாகச் சொன்னேன். சோதித்துப் பார்த்ததில் இவளுக்கு மீன் காரணமில்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

எங்கள் சல்லிக் கிராமத்தில், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற உங்கள் வீட்டிலேயே எனக்காகப் பத்து வருடம் மீன் சமைக்கவில்லை. எனக்குத் தோலில் கிரந்தி, மீன் வாடை பட்டாலே கடி கூடும் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. கரையில் உங்களைச் சீண்டுவார்கள்.

"என்னண்ணை, உங்கட வீட்டுப் பூனையும் விரதமோ?"

"ஓம், இப்ப கோயிலுக்கும் போகத் துவங்கிட்டுது."

தோணியை இழுத்துவிட்டு வந்தால் நேரே கிணற்றடி. மூன்று தரம் சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பீர்கள். அதன் பிறகும் நான் ஓடிவந்தால், "கிட்ட வராதை பிள்ளை" என்பீர்கள். எனக்கும் அதே சவர்க்காரக் கட்டிதான். தேய்க்கத் தேய்க்க எரிந்தது.

என் முழங்கால் மடிப்பில் நீர் வடியும். அதை அருவருத்துத்தான் விலகுகிறீர்கள் என்று நினைத்தேன். அம்மன் கோயில் திருவிழாவில் பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தோளில் தூக்கிச் சாமி காட்டினீர்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு காட்சிக்காக உங்களோடு எத்தனை வருடம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்திருக்கிறேன்!

கம்பஸ் விடுதியில் பயந்து பயந்து மீன் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வயதோடு மாறிவிட்டது என்று எண்ணினேன். உங்களிடம் சொல்லத் தோன்றவேயில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஓட்டோவில் அம்மாவிடம், "இவளுக்கு மீனால இல்லையாம். எனக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றேன். அம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப அந்த மனுசன் சும்மாவோ உன்னைத் தூக்காமல் இருந்தது?"

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"எவ்வளவு கழுவியும் தன்ர உடம்பில மீன் வாடை போகுதில்லை, தான் தொட்டா பிள்ளைக்குக் கடிக்கும் எண்டு சொல்லும். நீ வேற என்னத்துக்கெண்டு நினைச்சனி?"

நாற்பத்தாறு வயதில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முழங்கை மடிப்பையே தடவிக்கொண்டிருந்தேன். உங்களைப் புதைத்து ஆறு வருடமாகிறது அப்பா.

அந்தச் சவர்க்காரத்தைக் குளியலறையில் வைக்க ஏலாது. எறியவும் ஏலாது. உங்கள் பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

இன்று பாரை மீன் வாங்கி வெட்டினேன். கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் மகளின் முழங்கையில் களிம்பு பூசப் போனேன்.

"அம்மா, கையில இன்னும் மீன் மணக்குது" என்றாள்.

என்னை அறியாமல் ஓர் அடி பின்னால் வைத்துவிட்டேன்.

"ஏன் போறீங்கள்? பூசுங்கோவன்" என்று அவள் கையை நீட்டினாள்.